விஜயாவுக்கும் எனக்கும் நடுவில் வேலி

ஆடி 12, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. கொடியில் போட்ட துண்டு இரண்டு வீடு தள்ளிப் போய் விழுந்தது. தறி அறை ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். திறந்தால் பட்டெல்லாம் புழுதி.

முடிவு செய்தாயிற்று. வேலி. கல்லுக்கால் நட்டு, கம்பி வலை. கொல்லையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. இவரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். கல்யாணம் ஆன நாளாகச் சொறிகிறார், உள்ளேயிருந்து இதுவரை ஒன்றும் வெளியே வந்ததில்லை.

"ஆடியில புதுசா வேலை ஆரம்பிப்பாங்களா?"

"வேலிக்கு இன்னா முகூர்த்தம்? அதுக்குத் தாலியா கட்டப் போறீங்க?"

காரணத்தை எழுதிவைக்கிறேன், பிற்பாடு நான்தான் ராட்சசி என்று எனக்கே தோன்றிவிடக் கூடாது. பக்கத்து வீடு இவருடைய தம்பி சேகருடையது. மாமனார் போனபின் ஒரே மனையை இரண்டாக்கியது. முன்பக்கம் சுவர் உண்டு. கொல்லையில் ஒன்றும் கிடையாது. அங்கே சேகர் பெண்டாட்டி விஜயா துணி துவைக்கிறாள். (இனி வி. முழுப்பெயர் எழுதும் அளவுக்கு அவள் பெரிய மனுஷி இல்லை.) துவைக்கிற தண்ணீர் முழுக்க எங்கள் பக்கம். தறிக்குழிச் சுவர் ஊறிப்போய், நெய்ய உட்கார்ந்து குழியில் காலை விட்டால் சேற்றில் விட்ட மாதிரி சில்லென்று இருக்கிறது. எத்தனை தடவை சொல்வது. நேற்று மறுபடியும் சொன்னேன்.

"தண்ணி இன்னாக்கா, நான் சொன்னா நிக்குமா?" என்றாள். சிரித்துக்கொண்டே. பக்கத்தில் சேகர், வாயில் பிரஷ். அவனும் சிரித்தான். நுரை ஒழுகியது.

"நிக்காதா? நான் நிக்க வைக்கிறேன் பாரு."

"வச்சிக்கோங்க. உங்க இஷ்டம் இல்லாம இந்த வீட்ல என்னைக்கி எது நடந்துது?"

அந்த வார்த்தை. எட்டு வருஷம் தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையால் காபி வாங்கிக் குடித்தவள். இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாளோ.

படுக்கப் போகும்போது இவர்: "ஏன் வசந்தா, கம்பி வலை தண்ணியை நிறுத்துமா?"

திரும்பிப் படுத்துக்கொண்டேன். இந்த மாதிரிக் கேள்வி கேட்கிறவரிடம் என்ன பேச்சு.

ஆடி 13, செவ்வாய்

வெயில், காற்று. கல்லுக்கால் வந்து இறங்கியது. டிரைவர் வாசலிலேயே போட்டுவிட்டுப் போகப் பார்த்தான். சத்தம் போட்டபின் கொல்லை வரை. இரண்டு கல் மூளி. கடைக்காரனுக்கு போன் செய்தேன், "வேலிக்குத்தானேம்மா, சிலைக்கா?" என்கிறான். எல்லாருக்கும் வாய்.

வாங்க வேண்டியது: சிமெண்ட், ஜல்லி, கட்டுக்கம்பி, தேங்காய் ஒன்று (இவர் கல்லுக்கு உடைப்பாராம்), வெந்தயம், என் முட்டிக்குத் தைலம்.

தறியில் கவிதா புடவை. பாதிக்கு மேல் வந்துவிட்டது. கவிதா சேகரின் பெண். ஆவணி 13 கல்யாணம். மாப்பிள்ளை வீடு தெள்ளார்ப் பக்கம், பேச்சைக் கேட்டால் ஊரையே எழுதி வாங்கியவர்கள் மாதிரி. பெண் பார்க்க வந்தபோது அந்த அம்மாள் என் தறியைக் காட்டி, "இதெல்லாம் இன்னும் ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள். ஓட்டுவதற்கு இது என்ன, ஸ்கூட்டியா?

எங்கள் வீட்டில் பெண் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்கிற புடவை வீட்டின் மூத்த மருமகள் தறியில் இறங்க வேண்டும். கடையில் எடுக்கிற வழக்கம் கிடையாது. என் மாமியார் தன் நாத்தனார்களுக்கு நெய்தாள். எனக்குப் பெண் இல்லை. ஒரே பையன், சென்னையில், போனை எடுப்பது அமாவாசைக்கு அமாவாசை. ஆகவே என் கையால் இறங்கப்போகிற ஒரே முகூர்த்தப் புடவை இது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. கலர் கவிதா சொன்னது. நல்ல கண், அப்பன் ஆத்தாளிடமிருந்து வந்ததில்லை.

கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் ஒருத்தியால் ஆகாது. நான் குழியில். வலப்பக்கத்துக் கரைக்கு நாடாவை (நூல் வைத்து ஓட்டுகிற கட்டை) போட்டு இழையைக் கோத்துவிட இன்னொருத்தி தறி ஓரப் பலகையில். அந்த இன்னொருத்தி வி.

சண்டைக்குப் பிறகு வரவில்லை. வராமல் எங்கே போவாள். அவள் பெண்ணின் புடவை. அவளே வந்து நிற்பாள், "அக்கா, உக்காரட்டுமா?" என்று. அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஆடி 16, வெள்ளி

கோயிலில் கூழ். வேலை இல்லை, முனுசாமி (குழி எடுக்கிறவன்) அவன் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டான். வருகிற வெள்ளியும் போவானாம். ஊருக்கு எத்தனை அம்மன்.

வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பேர். நான் முக்காடு போட்டிருந்தேன், காற்றுக்கு.

"கல்யாணத்த வச்சிகினு வேலி போடறாங்களாம்."

"யாரு, சின்னவளா?"

"பெரியவ. அவளுக்குப் பொறாம. பொண்ணு இல்ல இல்ல."

"ஐய, பாவம்."

தூக்குவாளியில் கூழ் வாங்கிக்கொண்டு, முக்காட்டை எடுத்துவிட்டு, திரும்பி இரண்டு முகத்தையும் நிதானமாகப் பார்த்தேன். ஒருத்தி கருவாட்டுக் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

பொறாமையாம். வீட்டுக்கு வந்து கூழைக் குடிக்கப் பிடிக்கவில்லை. இவர் இரண்டு பங்கும் குடித்தார்.

ஆடி 19, திங்கள்

முனுசாமி வந்தான். கடப்பாறை உண்டு, மண்வெட்டி உண்டு, செல்போன் இரண்டு உண்டு. கோடு பிடிக்க நூல் கொண்டுவரவில்லை.

"கடையில போயி வாங்கியாந்துடட்டா? ஜல்தியா வந்துடுவேன்."

இவன் ஜல்தி எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் தலை தெரியும். "ஆரணிக்கு வந்து நூல் இல்லைன்றியே, வெக்கமா இல்ல உனக்கு?" என்று உள்ளே போய், பாவுக்கு நீளவாட்டில் இழுத்ததில் மீந்த முறுக்குப் பட்டு நூலை எடுத்துவந்தேன்.

இவர்: "மாடியில நைலான் கயிறு கீதே."

"கோணலா போடறதுக்கா?"

சர்வேயர் நட்ட கல் இரண்டு கோடியிலும் இருக்கிறது. அதில் யாருக்கும் தகராறில்லை. அந்தக் கல்லில் ஒரு முனை, இந்தக் கல்லில் ஒரு முனை, நானே கட்டினேன். வயசுக்கு வந்த நாளிலிருந்து பாவு இழுத்த கை, நேர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுண்டிப் பார்த்தேன், வீணைக் கம்பி மாதிரி பேசியது. முனுசாமி கூட, "பட்டு நூல்ல வேலி போட்டது நீதாம்மா," என்றான். போகட்டும், அதற்காவது புத்தி இருக்கிறது.

வி. துவைக்கிற கல்லருகில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நூலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு உள்ளே போய்விட்டாள்.

நாள் முழுக்கக் காற்று ஓயவில்லை. முனுசாமி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, நூல் ஓரமாகவே குழி எடுத்தான்.

புடவை: ஒரு விரற்கடை கூட நகரவில்லை.

ஆடி 20, செவ்வாய்

கல் நட்டாயிற்று. சிமெண்ட் போட்டாயிற்று. சேகர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேடிக்கை. அவன் வீட்டுப் பவர்லூம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அவனுக்கென்ன வேலை. சத்தம் மட்டும் கேட்டால் பெரிய மில்லு. இறங்குவது நாலாம் தரம்.

"அண்ணி, டீ சாப்படறீங்களா?" என்று கேட்டான். வேலி போடுகிறேன், டீ கேட்கிறான். இவர்கள் வீட்டு ஆண்கள் எல்லாம் ஒரே மண்ணில் பிசைந்தது.

இவர் தேங்காய் உடைத்தார். அழுகல்.

ஆடி 24, சனி

கம்பி வலை கட்டி முடிந்தது. முனுசாமி போனான், சனியன் விட்டது.

புளி காயவைக்க மாடிக்கு ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் வேலி நேராக இல்லை. இரண்டு கோடியும் சரி. நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு அவர்கள் பக்கம் போயிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நல்ல ஒரு சாண்.

புரிந்துவிட்டது. ஒற்றைப் பட்டிழைக்குக் கனமேது. மேற்கத்திக் காற்று நாள் முழுக்க அதை நடுவில் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மடையனும் நூல் போன வழியே குழி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

முதலில் வெட்கம். பிறகு சிரிப்பு. வாய்விட்டுச் சிரித்தேன், புளிக்கு முன்னால் தனியாக. தள்ளியது அவர்கள் பக்கம் அல்லவா! சேகர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தானே, அவன் மண் போவதை. அவளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாளே. கண் எதற்கு, மை போடவா?

இவரைக் கூட்டிவந்து காட்டினேன். "ஐயையோ, சொல்லிடலாமா?"

"சொல்லுங்க. அப்படியே கற்பூரமும் காட்டிட்டு வாங்க."

ஆடி 26, திங்கள்

தண்ணீர் கம்பி வலைக்கு அடியில் வழக்கம்போல் வருகிறது. இவர் பார்த்தார். நான் பார்த்ததைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, பிழைத்தார்.

இவரைக் கரை போடப் பலகையில் உட்கார வைத்தேன். பாக்கு வெட்டியைப் பிடிக்கிற மாதிரி நாடாவைப் பிடிக்கிறார். இழையைக் கோக்கச் சொன்னால் விட்டுவிடுகிறார், இல்லாவிட்டால் இரண்டாகக் கோக்கிறார். உடலுக்கும் கரைக்கும் நடுவில் ஓட்டை ஓட்டையாக. ஒரு காபி நேரம் பார்த்தேன், எழுப்பிவிட்டேன். நெய்ததைப் பிரித்தேன். பிரிக்கும்போது அழுகை வந்தது. ஓட்டைக்காக இல்லை. வி. உட்கார்ந்தால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. என் கால் மிதியை அழுத்தும் முன்பே அவள் கை போயிருக்கும். தும்மினால் கூடக் கணக்குத் தப்பாது.

இதற்காக அவளைப் போய்க் கூப்பிடுவேன் என்று நினைக்கிறாளா? நான் மூத்தவள். கூப்பிட மாட்டேன்.

ஆடி 28, புதன்

கவிதாவுக்கு வேலூரில் லேப் வேலை. கண்ணமங்கலத்தில் பஸ் நின்றுவிட்டதாம், இருட்டுகிற நேரத்தில்தான் வந்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் நேராகக் கொல்லைக்கு. கம்பி வலைக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றாள்.

"பெரிம்மா, பொடவ எவ்ளோ வந்துது?"

"வந்துகினே கீது."

"தறி சத்தமே கேக்கலையே?"

"உங்கப்பன் மிஷின் சத்தத்துல எது கேக்கும்?"

சிரித்தாள். பிறகு மெதுவாக, "அம்மாவ ஒரு வாட்டி கூப்புடேன் பெரிம்மா. நீ கூப்ட்டா வந்துடும்," என்றாள்.

"ஏன், உங்கம்மாவுக்குக் கால் இல்லையா?"

பெண் விரலை எடுத்துக்கொண்டாள். விரலில் கம்பித் துரு... புதுக் கம்பி, அதற்குள் துரு! கடைக்காரனை நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

மல்லி, பூண்டு, பல்ப்.

ஆவணி 2, திங்கள்

மேகமூட்டம். காற்று நின்றுவிட்டது.

பத்து மணி இருக்கும். வாசலில் அழைப்பு மணி. கொல்லை வழியாக வந்து போனவர்கள், வாசல் மணி அடிக்கிறார்கள். திறந்தால் சேகரும் வி.-யும். அவள் பட்டுப்புடவையில். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பத்திரிகை.

பெண்ணுக்குப் பெரியப்பா பெரியம்மா நாங்கள். பத்திரிகை வைக்கப் போகும்போது கூடப் போக வேண்டியவர்கள். எங்களுக்கே பத்திரிகை.

"குடும்பத்தோட அவசியம் வந்துடணும்க்கா," என்றாள். தெருவில் எல்லார் வீட்டிலும் சொல்கிற அதே வாக்கியம், அதே ராகம். சேகர் தரையைப் பார்த்தான். இவர் தட்டை வாங்கிக்கொண்டு, "உக்காருங்க, உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்தார். உட்காரவில்லை.

நான் விடவில்லை. "அதிருக்கட்டும். பொடவ அறுக்காம தறியில கெடக்குது. யாரு வந்து கரை போடறது?"

"எத்தினி நாளுக்கா பாத்துகினு இருக்கறது? தறி சத்தமே காணோம். நீங்க ஒரு வார்த்த கூப்புடுவீங்கன்னு பாத்தேன். காஞ்சிபுரம் போயி கடையில எடுத்துட்டோம்."

"கடையிலயா!"

"ஆமாம்க்கா."

"கோர்வையா?"

"தெரியலக்கா. பாக்கல. கலர் புடிச்சிருந்துது, எடுத்துட்டோம்."

தெரியலையாம். எட்டு வருஷம் கரை போட்ட கை. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லுவாள். தெரியலையாம்!

போகிற நேரத்தில் இவருக்கு மனசாட்சி வந்துவிட்டது. எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். "சேகரு, அந்த வேலி... நடுவுல கொஞ்சம் உங்க பக்கம்..."

சேகர் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள். "தெரியும் மாமா. நூல் கட்டன அன்னிக்கே தெரியும். காத்துல பட்டு நிக்குமா? இவர் சொல்லலாம்னாரு, நான்தான் வேணாம்னேன். ஒரு சாண் மண்ணுதான? அக்கா வச்சிகினு போட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பேன். பிச்சைக்காரிக்கு மீந்த சோறு போடுகிற மாதிரி சொன்னாள். குங்குமத்தை எனக்கு நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். கோணலாக இட்டுக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

மத்தியானம் சோறு வைக்கவில்லை. இவர் ஓட்டலில்.

ஆவணி 3, செவ்வாய்

ஒன்றும் இல்லை. தறியைத் துணி போட்டு மூடினேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

ஆவணி 4, புதன்

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு நிற்கிறது, வரவில்லை.

முனுசாமியைக் காலையிலேயே வரச் சொன்னேன். நடுவில் இருக்கிற மூன்று கல்லையும் பிடுங்கு என்றேன்.

"இன்னாம்மா பேஜாரு, நல்லாத்தான நிக்குது?"

"பிடுங்குடா. உள்ள தள்ளி நேரா நடு. நைலான் கயிறு கீது, பெரியவர் குடுப்பாரு."

கடப்பாறைச் சத்தம் கேட்டு சேகர் ஓடிவந்தான். "அண்ணி, வேணாம் விடுங்க. கல்யாணம் முடியட்டும்." வி. துவைக்கிற கல்லில். தலையைத் தூக்கவில்லை.

"உன் மண்ணை நீ எடுத்துக்கோ," என்றேன் அவளிடம்.

"எனக்கு வேணாம்க்கா."

"எடுத்துக்கோன்றேன் இல்ல?"

"வேல தலைக்கு மேல கீது. இப்பப் போயி தூசு கெளப்பிகினு."

"எனக்கும் வேணாம்டி! உன் பிச்ச எனக்கு இன்னாத்துக்கு?" தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். முனுசாமி கடப்பாறையைத் தோளில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் வேணாம்னா நான் எடுத்துகினு போவட்டா?" என்றான். இவர் சிரித்துவிட்டார். சேகரும். அவள் சிரிக்கவில்லை. நானும்.

மூன்று கல்லும் வந்துவிட்டது. வலையை அவிழ்த்துச் சுருட்டியாயிற்று. நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடக்கிறது. "நடட்டா?" என்று முனுசாமி கேட்டான். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டான். எல்லாருக்கும் எல்லாம் சொல்ல முடியுமா.

அங்கேயே நின்றேன். துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"விஜயா, கரை போட ஆள் இல்ல. வா."

பிழிந்த துணியை உதறினாள். பக்கெட்டில் போட்டாள். பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினாளா இல்லையா, இங்கிருந்து தெரியவில்லை.

குழியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பாவு தட்டிப் பார்த்தாயிற்று, நாடாவில் நூல் மாற்றியாயிற்று. இரண்டு பேர் உட்கார்ந்தால் கல்யாணத்துக்குள் இறங்கிவிடும். பலகையைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். கொல்லைக் கதவு திறந்திருக்கிறது.

திமிர் பிடித்தவள். வந்தால்தான் என்ன.